முதல் மூன்று மாதம்: டெல்டாக்காரர்களுக்கான எடைப் பயிற்சி வழிகாட்டி

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைத் தூக்கி லாரியில் அடுக்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்களில், ஜிம்முக்குப் போகிறேன் என்று சொன்னால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “வயலில் இறங்கினால் வராத பலமா தம்பி அங்கே போய் வந்துவிடப் போகிறது?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிப்பம் முதல் நாளும் 40 கிலோ, முப்பது வருடம் கழித்தும் 40 கிலோ. அந்த எடைக்குப் பழகுகிற வரை உடம்பு வலுக்கும். பழகிய பிறகு மேலும் வலுக்க அதற்குக் காரணம் ஏதும் இல்லை. தேய்வதற்குத்தான் காரணங்கள் உண்டு: ஒரே பக்கத் தோள், முறுக்கிய இடுப்பு, ஓய்வில்லாத நாள்கள். எடைப் பயிற்சியில் எடை நம் சொல்படி கேட்கிறது. இன்று 20 கிலோ, அடுத்த வாரம் 22.5, அதற்கடுத்து 25. நடுவில் ஓய்வும் கணக்காக இருக்கிறது. அளந்து ஏற்றுவது, அளந்து ஓய்வது, இரண்டையும் எழுதி வைப்பது, இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒலிம்பிக்கில் பார்க்கிற ஸ்னாட்ச் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) ஆகியவை வேகமும் நுணுக்கமும் கலந்த போட்டி விளையாட்டு. வேலூர் மாவட்டத்துச் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றது அதில். அதைப் பயிற்சியாளர் இல்லாமல் கற்க முயல வேண்டாம். இங்கே சொல்வது அதற்கும் முந்தைய அடிப்படை: குந்தி எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத் தட்டுப் பிரச்சினை, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ராடை, அதாவது எடைகளை மாட்டித் தூக்கும் நீளக் கம்பியைத் தொட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு எடைப் பயிற்சி நல்லதே. வேலை செய்யும் தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனாலேயே இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். முதல் சில நாள்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது தடையில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் 65 வயதைத் தாண்டியவர்களும் அடக்கம். இன்னும் சொன்னால், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத அத்தைக்கும் பெரியப்பாவுக்கும்தான் இது கல்லூரிப் பையன்களைவிட அதிகம் தேவை. பதின்வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேற்பார்வை இல்லாமல் தூக்கினால் காயம் வரும், அவ்வளவே.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப் போல ஆகிவிடுவார்கள் என்ற பயமும் ஆதாரமற்றது. அவ்வளவு தசை சேர்வதற்கான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண் உடலில் அந்த அளவுக்கு இல்லை. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது 49 கிலோ எடைப்பிரிவில். அங்கே அவர் கிளீன் அண்ட் ஜெர்க்கில் தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ. மூன்று நெல் சிப்பத்துக்கு ஐந்து கிலோதான் குறைவு. பார்க்க எப்படி இருக்கிறார்? பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல.

ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் கடைவீதி மாடியில் ஒன்று, பஸ் நிலையத்துப் பக்கம் ஒன்று என்று ஜிம்கள் வந்துவிட்டன. கிராமத்தில் இருந்தால் ஊராட்சியில் அரசு அமைத்த உடற்பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கண்ணாடியையும் விளக்கையும் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியவை: நேரான ராடு, அதை வைக்க உறுதியான ஸ்டாண்ட், முடிந்தால் ராடு நழுவினால் தாங்கும் குறுக்குக் கம்பிகள், ஒரு பெஞ்ச், ராடில் மாட்டும் வட்ட எடைகளான பிளேட்டுகளில் சிறியவை, மேலே தொங்க ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் வரிசையாக நிற்கும் மெஷின்கள் இல்லாவிட்டாலும் குறையில்லை. பிறகு மாஸ்டரைக் கவனியுங்கள். புதிதாக வந்தவனிடம் வெறும் ராடைக் கொடுத்து நிற்க வைத்துத் திருத்துகிறாரா, இல்லை முதல் நாளே புரதப் பவுடர் டப்பாவைக் காட்டுகிறாரா? இரண்டாவது ரகமாக இருந்தால் ஆண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். எந்த ஜிம்மாக இருந்தாலும் முதல் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

அடுத்தது, பெரும்பாலானோர் செய்யாத ஒரு வேலை: ராடை எடை போடுங்கள். போட்டித் தரத்து ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. சிறிய ஊர் ஜிம்கள் பலவற்றில் இருப்பது அந்த ராடு அல்ல. பட்டறையில் வெட்டிய இரும்புக் கம்பி. அது 7 கிலோவும் இருக்கலாம், 12 கிலோவும் இருக்கலாம். வார்ப்பிரும்பு பிளேட்டில் பொறித்த எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. எங்கள் ஊர் நெல் வியாபாரியின் மின்தராசில் 10 என்று எழுதிய இரண்டு பிளேட்டுகளை வைத்துப் பார்த்தேன். ஒன்று 9.4 காட்டியது, மற்றது 10.3. இரண்டையும் ராடின் இரு முனைகளில் மாட்டினால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோ அதிகம். தலைக்கு மேல் தூக்கும்போது அது நன்றாகத் தெரியும். எடை போட்டு, சாக்பீஸால் பிளேட்டின் உட்பக்கம் எழுதிவிடுங்கள். ஒத்த எடையுள்ளவற்றை ஜோடி சேருங்கள். மாஸ்டர் சிரிப்பார். அடுத்த வாரம் அவரே அந்த ஜோடியைத் தேடுவார்.

காலுக்கு: ஸ்பான்ஜ் வைத்த ஓட்டப் பயிற்சி ஷூ இதற்கு உதவாது, எடையோடு நிற்கும்போது ஆடும். தட்டையான கான்வாஸ் ஷூ நல்லது. ஜிம்மில் அனுமதித்தால் வெறுங்காலே போதும். செருப்போடு மட்டும் வேண்டாம். கை வியர்த்து வழுக்கினால் துண்டு, அல்லது மெக்னீசியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடி. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு அல்ல! வெள்ளையாக இருக்கிறதே என்று அதைப் பூசிக்கொண்டு கை வெந்தவர்கள் உண்டு.

ஐந்து அசைவுகள்

நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள், காலுக்கு என்றோ ஒரு நாள் என்று பிரிப்பது பல வருடம் பயிற்சி செய்தவர்களுக்குப் பொருந்தும். தொடங்குகிறவருக்கு உடம்பு முழுவதையும் வேலை வாங்கும் ஐந்து அசைவுகள் போதும். இரண்டை விரிவாகச் சொல்கிறேன். அவற்றில்தான் பலரும் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்குவாட். முதல் வாரம் ராடு வேண்டாம். ஒரு டம்பெலையோ (ஒரு கையால் பிடிக்கும் சிறிய எடை), வீட்டில் என்றால் 5 கிலோ அரிசிப் பையையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்துங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு, விரல்கள் சற்று வெளிப்பக்கம் திரும்பி இருக்கட்டும். இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் மடங்க வேண்டும். முழங்கால் விரல்கள் காட்டும் திசையில் போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. தொடையின் மேல்மடிப்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறங்குகிற வரை போய் எழுங்கள். முழங்கால் விரல்நுனியைத் தாண்டக் கூடாது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கால் நீளமானவர்களுக்குத் தாண்டத்தான் செய்யும். குதிகால் மட்டும் தரையை விட்டு எழவே கூடாது. எழுந்தால் கணுக்கால் இறுகியிருக்கிறது என்று பொருள். தினமும் காலையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் குந்தி உட்கார்ந்து பழகினால் சில வாரங்களில் இளகும். தரையில் குந்தி உட்காரும் வழக்கம் இன்னும் விட்டுப்போகாதவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ராடோடு செய்யும்போது, அது கழுத்து எலும்பின் மீது அல்ல, அதற்குக் கீழே தோள்களை இறுக்கினால் திரளும் சதையின் மீது உட்கார வேண்டும். ஸ்டாண்டின் உயரம் உங்கள் நெஞ்சளவு இருக்கட்டும். ராடை எடுக்க நுனிக்காலில் எம்ப வேண்டியிருந்தால் அது அதிக உயரம். இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள், வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்குங்கள், இறங்குங்கள், ஏறி முடிக்கும்போது விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்க வேண்டாம், ஏறும்போதே விட்டுவிடலாம்.

டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிற்பது. களத்துமேட்டில் நாம் காலம்காலமாகச் செய்வதுதான். பெரும்பாலும் தவறாகச் செய்வதும் இதுதான். ராடு பாதத்தின் நடுவே, ஷூ முடிச்சுக்கு நேர்மேலே இருக்கும்படி நில்லுங்கள். கால்கள் இடுப்பு அகலம். குனிந்து ராடைக் கால்களுக்குச் சற்று வெளியே பிடியுங்கள். காலின் முன்னெலும்பு ராடைத் தொடும் வரை முழங்காலை மடியுங்கள், ராடு நகரக் கூடாது. இப்போது நெஞ்சை நிமிர்த்துங்கள், முதுகு பலகைபோல் நேராகும். கையில் உள்ள தொய்வை முதலில் எடுத்துவிடுங்கள். ராடும் பிளேட்டும் உரசும் ஒரு சின்ன ‘டிங்’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் தூக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தூக்குவது என்பதைவிடத் தரையைக் காலால் கீழே தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராடு காலையும் தொடையையும் உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். நேராக நின்றதும் முடிந்தது. பின்னால் வளைந்து காட்ட வேண்டியதில்லை. இறக்கும்போது முதலில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, ராடு முழங்காலைத் தாண்டிய பிறகு காலை மடியுங்கள்.

இதில் சிறு ஊர் ஜிம்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நம்மிடம் இருக்கும் 5 கிலோ, 10 கிலோ பிளேட்டுகள் சிறியவை. ராடு தரையோடு ஒட்டிக் கிடக்கும். அவ்வளவு கீழே குனிந்தால் முதுகு வளையாமல் பிடிக்கப் பலராலும் முடியாது. இரண்டு பக்கமும் மரக்கட்டைகளை வைத்து ராடை அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். செங்கல் வேண்டாம், பொடிந்துவிடும்.

பெஞ்ச் பிரஸ்: பெஞ்சில் படுத்து ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது. படுத்துக்கொண்டு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து அழுத்துங்கள், கால்கள் தரையில் ஊன்றியிருக்கட்டும், ராடு நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறங்கட்டும், முழங்கை உடம்பிலிருந்து செங்குத்தாக விரியாமல் பாதி சாய்ந்திருக்கட்டும். கட்டைவிரல் ராடைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தலைமாட்டில் ஒருவர் நிற்காமல் இதைச் செய்யாதீர்கள். யாருமே இல்லை, குறுக்குக் கம்பியும் இல்லை என்றால் டம்பெலில் செய்யுங்கள். ராடில்தான் செய்வேன் என்றால் பிளேட் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை முனைகளில் மாட்டாதீர்கள். ராடுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். ஊரே திரும்பிப் பார்க்கும், ஆனால் கழுத்து தப்பும்.

தலைக்கு மேல் தள்ளுவது, அதாவது ஓவர்ஹெட் பிரஸ்: ராடு காறை எலும்பிலிருந்து கிளம்பி நேர்க்கோட்டில் ஏற வேண்டும். முகம் வழிவிட்டுப் பின்னால் போய், ராடு நெற்றியைக் கடந்ததும் முன்னே வரட்டும். புட்டத்தை இறுக்கிக்கொண்டால் இடுப்பு வளையாது. 20 கிலோ ராடு பலருக்கு இதில் ஆரம்பத்தில் கனக்கும். டம்பெலில் தொடங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ரோ: இடுப்பில் மடிந்து, முதுகை நேராக வைத்து, ராடைத் தொப்புளுக்கு மேல் இழுப்பது. பகலெல்லாம் குனிந்து நடவு நட்டவர்கள் அன்று மாலை இதைச் செய்ய வேண்டாம். அவர்களது கீழ்முதுகு ஏற்கெனவே அன்றைய வேலையை முடித்துவிட்டது. பெஞ்சில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் டம்பெலை இழுக்கலாம்.

வாரத்தில் மூன்று நாள்

திங்கள், புதன், வெள்ளி. ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. அடுத்த நாள் டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ், கம்பியில் தொங்கி ஏறுவது. ஏற முடியாதவர்கள் தொங்கினாலே போதும், மெஷின் இருந்தால் மேலிருந்து இழுக்கலாம். இரண்டு நாள் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இந்த வாரம் முதல் பட்டியல் இரண்டு முறை வந்தால் அடுத்த வாரம் இரண்டாவது பட்டியல் இரண்டு முறை வரும்.

ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 6 முதல் 8 முறை. நடுவில் ஓயாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட். டெட்லிஃப்ட் மட்டும் 2 செட் போதும். செட்டுகளுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு. அந்த நேரத்தில் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினால் மூன்று நிமிடம் பத்து நிமிடமாகும், கவனமாக இருங்கள். தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் வேக நடையோ ஸ்கிப்பிங்கோ. பிறகு வெறும் ராடில் பத்து முறை, பாதி எடையில் ஐந்து முறை, முக்கால் எடையில் மூன்று முறை. அப்புறம்தான் உண்மையான செட். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டத் தேவையில்லை.

எவ்வளவு எடை, எப்போது ஏற்றுவது

முதல் இரண்டு வாரம், “இது எனக்குப் போதாது” என்று தோன்றுகிற எடைதான் சரியான எடை. ஒவ்வொரு செட்டின் முடிவிலும் இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். பக்கத்தில் தூக்குகிறவரைப் பார்த்துப் பிளேட் மாட்டுவதுதான் இந்த ஊர் ஜிம்களின் பெரிய வியாதி. அவர் எட்டு வருடமாக வருகிறார். நீங்கள் எட்டு நாளாக.

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அதில் எழுத வேண்டியது ஒரு வரிதான்: “திங்கள். ஸ்குவாட் 25 கிலோ: 8, 8, 6.” மூன்றாவது செட்டில் 6 தான் வந்திருக்கிறது. ஆகவே அடுத்த முறையும் 25 தான். அப்போது “8, 8, 8” வந்தால் அதற்கடுத்த முறை 27.5. எடை ஏறியதும் 8 முறை வராமல் 6 வரும். கவலையில்லை, திரும்ப 8-க்குக் கொண்டுவாருங்கள். ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் ஆரம்பத்தில் 5 கிலோவாகக்கூட ஏற்றலாம். பெஞ்சுக்கும் ஓவர்ஹெட்டுக்கும் 2.5-க்கு மேல் வேண்டாம். அதற்கு இரண்டு 1.25 கிலோ பிளேட் தேவை. பல ஜிம்களில் அது இருக்காது, இருந்தாலும் பெஞ்சுக்கடியில் தூசியோடு கிடக்கும். இல்லாவிட்டால் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குகிறவர் வாங்கும் பொருள்களில் மிக உபயோகமானது அதுதான், கையுறையோ பெல்ட்டோ அல்ல.

முதல் சில வாரங்களில் எடை கிடுகிடுவென்று ஏறும். கண்ணாடியில் மாற்றம் தெரியாது. காரணம், முதலில் கற்றுக்கொள்வது நரம்புகள். இருக்கிற தசையை ஒழுங்காகக் கூப்பிட்டு வேலை வாங்கப் பழகுகின்றன. தசை தடிப்பது கண்ணுக்குத் தெரிய இரண்டு, மூன்று மாதமாகும். எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்கள் அதைவிடவும் மெதுவானவை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்த அன்றே கடைமடைக்கு வந்து சேர்வதில்லை. தசைநாண்கள் உடம்பின் கடைமடை. தசை தயார் என்று நினைத்து எடையை அள்ளிப் போடுகிறவர்களுக்கு முழங்கையிலும் தோளிலும் வலி வருவது இதனால்தான்.

சாப்பாடு

நம் தட்டில் சோறு குறைவதில்லை, புரதம்தான் குறைகிறது. பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 96 கிராம். இதற்குப் பவுடர் கட்டாயமில்லை, கணக்குப் பாருங்கள். காலையில் நான்கு இட்லியும் இரண்டு முட்டையும் ஏறத்தாழ 20 கிராம். மதியம் சோற்றோடு 100 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர் என்றால் 30-ஐத் தாண்டும். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. இரவில் ஒரு டம்ளர் பால் 8. எழுபத்தைந்து கிராம் ஆகிவிட்டது, இரவுச் சாப்பாட்டை இன்னும் எண்ணவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிவு, சத்து அதிகம். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்கத் தேவையில்லை. புரட்டாசியில் அசைவம் விடுகிறவர்களும் சைவர்களும் பயறுகளைப் பிடித்துக்கொள்ளலாம். சம்பா அறுவடையை ஒட்டி வயலில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் நம் மண்ணிலேயே விளைகின்றன. இரண்டிலும் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம். மீல்மேக்கர் அதைவிட இரண்டு மடங்கு. இவ்வளவு சாப்பிட முடியாதவர்கள் மட்டும் பவுடர் வாங்கட்டும். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். தசைக்கு ஆற்றல் தரும் கிரியேட்டின் என்ற துணை உணவு நாளுக்கு 3 முதல் 5 கிராம், ஆரோக்கியமானவர்களுக்குப் பலன் தருவது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

“ஒரு ஊசி போட்டால் ஒரு மாதத்தில் உடம்பு ஏறிவிடும் தம்பி” என்று யாராவது காதோடு சொன்னால், அந்த ஜிம்மை விட்டே வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், விந்தணு உற்பத்தியை நிறுத்தும்.

பயிற்சிக்கு அரை மணி முன்னால் ஒரு டிகிரி காபி நல்ல உற்சாகம் தரும். மாலைப் பயிற்சிக்காரர்கள் மட்டும் யோசித்துக் குடிக்க வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம் போனால் மறுநாள் ராடும் ஏறாது.

வெயில், மழை, வயல் வேலை

கத்திரி வெயிலில், தகரக் கூரை போட்ட ஜிம்மில், பகல் பதினொரு மணிக்குப் பயிற்சி செய்வது வீரம் அல்ல. காலை ஏழு மணிக்குள் முடியுங்கள், அல்லது பொழுது சாய்ந்த பிறகு போங்கள். தலைசுற்றல், குமட்டல், உடம்பு சில்லிடுவது இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் நம்மிடமே உள்ள மருந்துகள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ராடு துருப்பிடிக்கும். சொரசொரப்பான பகுதியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒரு துளி மெஷின் எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். துருவேறிய ராடு உள்ளங்கையைக் கிழிக்கும்.

நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் மூன்று நாள் பயிற்சி நடக்காது. ஒரு நாள் போதும், எடையை ஏற்றாமல் ஒவ்வொன்றிலும் இரண்டு செட். ஒரு வாரத்துக்கு ஒரு தடவை செய்தாலும் சேர்த்த பலம் சில வாரங்களுக்குப் பெரிதாகக் குறையாது. முற்றிலும் நின்றுபோய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் பழைய எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் நான்கு நாள் படியில் இறங்க முடியாது.

எந்த வலி சரி, எந்த வலி தவறு

மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடையும் நெஞ்சும் கனத்து வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும், சில வாரங்களில் அந்த அளவுக்கு வரவும் வராது. மூட்டுக்குள் குத்துவது, ஒரே இடத்தில் சுரீர் என்று வெட்டுவது, முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் மின்னல் வலி, மரத்துப்போவது இவை வேறு. பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, இடது கை வலி, மயக்கம் வந்தால் நேரே மருத்துவமனைதான்.

அதிகம் பேசப்படாத ஒன்று: முதல் நாளே ஆர்வத்தில் அளவுக்கு மீறிச் செய்து, இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடை ஏறாமல் நிற்கும்போது

மூன்றாவது, நான்காவது மாதத்தில் எல்லோருக்கும் இது வரும். ஒரே எடையில் தொடர்ந்து மூன்று முறை எண்ணிக்கை ஏறவில்லை என்றால், முதலில் நோட்டைப் புரட்டித் தூக்கமும் சாப்பாடும் எப்படி இருந்தன என்று யோசியுங்கள். திருவிழா வாரமாக இருந்திருக்கும். காரணம் அதுவல்ல என்றால் எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி ஏறுங்கள். பழைய இடத்தைத் தாண்டிவிடுவீர்கள். அதுவும் இரண்டு முறை பலிக்காவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஏற்றுகிற காலம் முடிந்தது என்று அறிந்து வாரத்துக்கு ஒரு முறை ஏற்றப் பழகுங்கள்.

அந்தக் கட்டத்தில் சிலருக்குப் போட்டி ஆசை வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் அலுவலகம் உண்டு. பளுதூக்குதல் பயிற்சியாளர் அருகில் எங்கே இருக்கிறார் என்று அங்கே கேளுங்கள். கையில் கொடுக்கப்படும் ராடு வேறு ரகமாக இருக்கும்: முனைகள் தனியே சுழலும், லேசாக வளைந்து கொடுக்கும். டெட்லிஃப்டில் 100 கிலோ தூக்குகிறவராக இருந்தாலும் அங்கே முதல் வாரம் வெறும் ராடுதான்.